கண்ணுக்குள் போட்ட கண்ணாடி

பெரியகல்லாறு
12.03.2009

மிஸிஸ் அன்ட்றியா அவர்களுக்கு,

நலம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும். ஆகவே விசாரிக்கிறேன். நான் குணநாயகத்தின் பெண்சாதி சுலோஜனா. உங்கள் கண்ணாடிக் கடைக்கு முன்னால் அவர் நின்று எடுத்த படம் வந்தது. கடைப் பலகையில் தபால் பெட்டி இலக்கம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

படத்தில் அவர் முகத்தில் கண்ணாடி இல்லை. பத்து வயது குறைந்தவர் மாதிரிச் சிரிக்கிறார். வெள்ளெழுத்து விழுந்த மனிசன் எப்படி வேலை செய்கிறார் என்று எழுதிக் கேட்டேன். பதில் வந்தது, அதில் முக்கால்வாசி உங்களைப் பற்றித்தான். கிட்டவும் தூரமும் சேர்ந்து தெரிகிற லென்ஸாம், கண்ணுக்குள்ளேயே போடுவதாம். அவர் வேலை செய்கிற கடையின் குளிரறைக்குள் போய்வந்தால் மூக்குக் கண்ணாடி மங்குகிறதாம், அதற்காகவாம். அன்ட்றியா மட்டக்களப்புப் பறங்கி ஆளாம், நல்லாத் தமிழ் கதைப்பாவாம், முதல்நாள் கண்மடலை விரலால் பிடித்து அவதான் போட்டுவிட்டாவாம்.

இருபத்திரண்டு வருசக் குடும்பத்தில் நான் அவருடைய கண்மடலைத் தொட்டதில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே கண்ணாடிதான், காத்தான்குடியில் வாங்கியது. அவர் பேப்பர் பார்த்து முடித்துத் தந்தால் நான் தையலுக்குப் போடுவேன். சுனாமியில் வீடும் தோணியும் போயின. ஓடும்போது அது என் நெற்றியில் ஏற்றியபடி இருந்ததால் தப்பியது. தோஹாவுக்குப் போகிற அன்று, "நீ வெச்சுக்க. மறுகா வந்து ரெண்டு பேரும் போடுவம்" என்றார். கண்ணுக்குள் போடுவதை எப்படி ஆளுக்காள் மாற்றிப் போடுவது?

ஜூலையோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. வருவதா நிற்பதா என்று இன்னும் வாய் திறக்கவில்லை. நீங்களாவது சொல்லுங்கள், யாருக்காக இவர் இளந்தாரி ஆகிறார்?

இப்படிக்கு,
திருமதி சுலோஜனா குணநாயகம்


தோஹா
02.04.2009

அன்புள்ள சுலோஜனா அக்கா,

உங்கள் கடிதத்தைக் கடையில் எல்லாருக்கும் முன்னால் உடைத்துவிட்டேன். நல்லகாலம், இங்கே தமிழ் வாசிக்க வேறு ஆள் இல்லை.

கண்மடல் பிடிப்பது என் தொழில் அக்கா. மீன் வெட்டுகிறவளிடம் மீனை ஏன் தொட்டாய் என்று கேட்பீர்களா? முதல்நாள் உங்கள் ஆள் கதிரையோடு பின்னால் சாய்ந்து, "கண்ணகை அம்மாளே" என்று போட்ட சத்தத்தை எழுதியிருக்க மாட்டார். இவருக்கு வலது கண்ணில் தூரம் கூடுதலாகத் தெரியும், இடதில் கிட்ட கூடுதலாகத் தெரியும், அப்படித்தான் கொடுத்திருக்கிறோம். அடுத்தநாள் தானே போடும்போது, நல்ல காரியத்தை வலதில் தொடங்க வேண்டும் என்று, கையில் முதலில் வந்த லென்ஸை வலது கண்ணில் போட்டுக்கொண்டார். அது இடது கண்ணுக்குரியது. படியும் தெரியாமல் விலைச் சீட்டும் தெரியாமல் தடுமாறிக்கொண்டு திரும்பி வந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

யாருக்காக என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் அதை அவர்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அன்ட்றியா


பெரியகல்லாறு
26.04.2009

மிஸிஸ் அன்ட்றியா,

என்னை அக்கா என்று அழைக்க வேண்டாம்.

என் புருசனின் மனதில் கிடப்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து வயிறு நோகச் சிரிக்கிறீர்கள். நான் இங்கே சோறு இறங்காமல் இருக்கிறேன். ஆர்த்திகா, எங்கள் மகள், எனக்கு விசர் என்கிறாள். விசர் இல்லை, பொறாமை. அதை மறைத்துவைக்க எனக்குத் தெரியாது.

வரவேண்டாம் என்று நேற்று அவருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டு அங்கேயே இருக்கட்டும். நீங்களும் கண்மடலைப் பிடித்துக்கொண்டு இருங்கள்.

சுலோஜனா


தோஹா
24.05.2009

அன்புள்ள சுலோஜனா அக்கா,

வேண்டாம் என்றாலும் அப்படித்தான் அழைப்பேன். ஊரில் யுத்தம் முடிந்துவிட்டது என்று இங்கே எல்லாரும் டீவிக்கு முன்னால் நிற்கிறார்கள். சந்தோசப்படுவதா அழுவதா என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை. உங்கள் ஆள் டீவி பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்து வைக்கப் போகிறாராம்.

ஆகவே, உங்களிடம் சொல்லமாட்டேன் என்று அவருக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். முதல்நாள் எதற்கு லென்ஸ் என்று கேட்டபோது என்னிடமும் குளிரறையைத்தான் சொன்னார். அதற்கு மலிவான வழி இருக்கிறதே என்றேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நாலு வருசத்துக்குப் பிறகு ஊருக்குப் போறன் தங்கச்சி. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பெண்சாதிக்குக் கிட்டப் போகேலா. கழட்டினா அவட முகம் தெரியா. எனக்கு அவட முகம் தெரியவேணும்."

உங்களிடம் சொல்ல வெட்கம். ஒப்பந்தம் முடிந்ததும் திடீரென்று வந்து நிற்க நினைத்தவர், அதனால்தான் வருவதையும் சொல்லவில்லை.

என் புருசன் வோல்ட்டரை அதே சுனாமியன்று மட்டக்களப்பு டச்பாரில் கடல் கொண்டுபோனது. நான் பொறாமைப்படுவதற்கு ஒரு மனிதன் இல்லை. உங்கள் கடிதங்களை வாசித்தபோது எனக்குத்தான் அக்கா உங்கள்மேல் பொறாமை வந்தது.

ஒரு வரி எழுதி அவரை வரச் சொல்லுங்கள்.

அன்ட்றியா


பெரியகல்லாறு
11.08.2009

அன்புத் தங்கச்சி அன்ட்றியாவுக்கு,

நீங்கள் சொன்ன ஒரு வரியை எழுதினேன், அவர் வந்துவிட்டார். வோல்ட்டரைப் பற்றித் தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். வரும் டிசம்பரில் டச்பாருக்குப் போய் அவருக்கும் மெழுகுதிரி ஏற்றுவோம்.

வந்த அன்று வீடு நிறையச் சனம். எல்லாரும் தேத்தண்ணி குடித்துக் கதை கேட்டுப் போனபிறகுதான் எனக்கு அவர் கிடைத்தார். கிட்ட வந்தார். பார்த்தார். நெற்றியில் இருக்கிற சின்னத் தழும்பைக்கூட விடவில்லை. இதற்குமேல் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

கண்மடலைத் தொட்டதை மன்னித்துவிட்டேன். என்னிடம் சொல்லவேண்டிய அந்தச் சொல்லை உங்களிடம் முதலில் சொன்னாரே, அதை இன்னும் மன்னிக்கவில்லை. உங்களையும்தான், அவரையும்தான்.

வேறொரு எரிச்சலும் இருக்கிறது. எனக்கும் வெள்ளெழுத்துத்தானே. அவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அவர் முகம் கலங்கல் தண்ணீருக்குள் கிடந்த மாதிரித்தான் தெரிந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று விரலால் தடவித்தான் பார்த்தேன். அவ்வளவு கிட்ட வைத்து அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான் இன்னும் பார்க்கவில்லை.

கொழும்புக்குப் போய்க் கண் காட்டப் போகிறேன். எனக்கும் அதே லென்ஸ் வேண்டும். கடையில் என்ன சொல்லிக் கேட்பது என்று உடனே எழுதுங்கள். கடிதத்தை என் பெயருக்கு அனுப்புங்கள்.

அக்கா,
சுலோஜனா