ஏழாவது சீட்டுக்கு யார்

கும்மிடிப்பூண்டி
14.11.2006

அன்பு மகன் ஷாஹுலுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், வாப்பா, ஜபீன் மூவரும் அல்லாஹ் கிருபையில் சுகம், என் முட்டி மட்டும் சுகமில்லை. அங்கே நீ, மோனிகா, குட்டி முபீனா எல்லாரும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லலாமென்றால் வாப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் எழுதுகிறேன். டிசம்பர் லீவுக்கு வந்தால் சென்னையில் ரூம் எடுத்துத்தான் தங்குவோம், வாப்பா தன் வாயால் மோனிகாவைக் கூப்பிட்டால்தான் வீட்டுக்கு வருவோம் என்று சொல்லிவிட்டாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களுக்கு ரிஜிஸ்தர் கல்யாணம் ஆகி நாலு வருஷமாக அந்தப் பெண் பேரை அவர் எடுத்ததில்லை. நானும் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன், காது கேட்காதவர் மாதிரி எழுந்து கடைக்குப் போய்விட்டார். நீயும் அவருக்குப் பிறந்த பிள்ளைதானே, இரண்டு பேருக்கும் நடுவில் என் தலைதான் உருளுகிறது.

இந்த நேரத்தில் புதிதாக ஒரு பேஜாரு. உன் வாப்பா கார் வாங்கப் போகிறாராம். கடைக்குச் சரக்கு ஏற்றும் வேன் போதாதா என்று கேட்டால், இது வேற, ஏழு பேர் குந்தற வண்டி என்கிறார். ஊட்ல மூணு பேர்தானே கீறோம், இன்னாத்துக்கு ஏழு சீட்டு என்றேன். சொம்மா இரு குல்சும், ஒனக்கு ஒண்ணும் தெரியாது என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிப்காட் கம்பெனிக்கு வாடகைக்கு விடப்போகிறாரோ என்று நினைத்தேன், அதற்குக் கோபித்துக்கொண்டார். பழவேற்காட்டிலிருக்கும் உன் பெரிய வாப்பா சஹாபுதீன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சுற்றத்தான் என்று முடிவுகட்டி இரண்டு நாள் அவரோடு பேசாமலும் இருந்தேன். பக்கத்து லேத் பட்டறை கலியன் வேறு வந்து, ஏழு சீட்டு வாங்கினா ஊர்ல கீற கல்யாணத்துக்கெல்லாம் உங்க வண்டியத்தான் கேப்பாங்க பாய் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜபீன் கம்ப்யூட்டர் சென்டரில் படம் பார்த்து வந்து ஸ்கார்ப்பியோதான் வேண்டுமென்று ஒரே பிடிவாதம். அதில் ஏற என் முட்டிக்கு ஸ்டூல் போடவேண்டும். இன்னொரு வண்டி தாழ்வு, ஆனால் ஏழு பேரும் உட்கார்ந்தால் பெட்டி வைக்க இடமில்லை, மேலே கேரியர் போடவேண்டுமாம். நம் தெருவில் மாட்டு வண்டி வந்தாலே ஒதுங்க இடமில்லை, இதை எங்கே நிறுத்துவதாம்?

போன ஞாயிற்றுக்கிழமை ஷோரூம்காரர் ஓட்டிப் பார்க்க வண்டி கொண்டுவந்தார். உன் வாப்பா ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. நேராகக் கடைசி சீட்டில் ஏறி, முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, நீ ஓட்டுப்பா, பள்ளத்துல எல்லாம் எறக்கி ஓட்டு என்றார். சோழவரம் வரை அப்படியே குலுங்கிக்கொண்டு வந்தார், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூணு வயசுக் கொழந்தைய நடுசீட்ல குந்தவெச்சா பெல்ட்டு நிக்குமா என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன், அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அழுதேன் ஷாஹுல், முன்சீட்டில் உட்கார்ந்திருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும், வயசான பொம்பள பின்னாடி குந்தினா வாந்தி கீந்தி வருமா என்று அந்த ஆளை மறுபடி கேட்டார். என்னைத்தான் கடைசியில் தள்ளப் பார்க்கிறார் என்று அழுகை போய் கோபம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து விரலை மடக்கி எண்ணினேன். நாங்கள் மூவர், நீங்கள் மூவர், குட்டியைச் சேர்த்தால்கூட ஆறுதான். ஏழாவது யார் என்று விடாமல் நச்சரித்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார். வள்ளூர்ல அந்தம்மா கிரேஸ் தனியா கீதே, நாலு வருஷம் கழிச்சி பொண்ணு வருது, பெத்தவ ஏர்போர்ட்டுக்கு வராதா, நாம கார்ல போவோம், அது பஸ்ஸுல வந்து நிக்கணுமா என்றார். உனக்காகவும் மருமகளுக்காகவும் இத்தனை நாள் அவரோடு மல்லுக்கு நின்றவள் நான், அவளைப் பெற்ற அந்த அம்மாளைப் பற்றி ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

இன்னமும் எந்த வண்டி என்று முடிவாகவில்லை, என் குழப்பமும் தீரவில்லை. உன் வாப்பா தன் வாயால் கூப்பிடுவாரா என்றால், அது எனக்குத் தெரியாது. இனி ரூம் எடுப்பதா என்பதை நீயே யோசி. வெயிலில் அலையாதே, குட்டிக்குச் சளி இருந்தால் ஏசியைக் குறைத்து வை. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க அல்லாஹ் துணை செய்வான்.

இதற்கு மட்டும் மறக்காமல் உடனே பதில் போடு. நான் கடிதம் எழுதுவதை உன் வாப்பா பார்த்துவிட்டார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, மோனிகாவ கேட்டு எழுதச் சொல்லு, அவங்க அம்மாவுக்குப் பின்சீட்டு ஒத்துக்குமா, இல்ல முன்னாடி குந்தவெக்கணுமா, அத வெச்சித்தான் வண்டி பாக்கணும் என்றார்.

உன் உம்மா
குல்சும்