ஆறு டிகிரி அதிகம்

இன்று காலை தி.நகர் துணிக்கடையிலிருந்து நான்கு பில்லிங் கம்ப்யூட்டர் பெட்டிகளும் தரமணி ஆபீசுக்குத் திரும்பி வந்தன. புதிதாக வாங்கிவிட்டார்களாம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த பெட்டிகள். நீ போர்டு, நான் புரோகிராம். மூன்றைக் கழிவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு நான்காவதை மட்டும் என் மேஜைக்கு எடுத்துவந்து திறந்தேன். பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் அலுமினிய ஹீட் சிங்கைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்த நீ தடவிய வெள்ளைப் பேஸ்ட் காய்ந்து போயிருந்தது. ஆனால் விளிம்பு வரை ஒரே சீராக, ஒரு ஓட்டை, ஒரு திட்டு இல்லாமல் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து இதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எழுதியிருக்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது. சொல்லவில்லை, ஏனென்றால் நான் கோழை. சுற்றி வளைக்காமல் இந்தத் தடவையாவது சொல்லிவிடுகிறேன்.

அந்தப் போர்டில் ஒரு காவல் சிப் உண்டு. பிராசசருக்குப் போகும் வோல்டேஜ், பிராசசரின் சூடு, இரண்டையும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. சூடு தொண்ணூறு டிகிரியைத் தொட்டால் பெட்டி தானாக அணைந்துவிடும். ஆனால் சிப்புக்கு நேராகச் சூடு தெரியாது. ஒரு சின்ன சென்சாரும் அதற்குத் துணையாக நிற்கும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்து கொடுக்கும் அளவை வைத்துத்தான் கணக்குப் போடும். அந்த ரெசிஸ்டர் எத்தனை என்று என் புரோகிராம் ஃபைலில் நான் எழுதிவைக்க வேண்டும். எழுதியது தப்பென்றால் சிப் காட்டும் சூடும் தப்பு.

நான்காவது போர்டு செய்யும்போது மற்ற மூன்றிலும் போட்ட பத்து கே, அதாவது பத்தாயிரம் ஓம், ரெசிஸ்டர் தீர்ந்துவிட்டது. நீ பன்னிரண்டு கே வைத்தாய். ஆபீஸ் வாசல் டீக்கடையில் சொன்னாய்: "மச்சி, நாலாவதுக்கு மட்டும் பன்னெண்டு போட்டுகீறேன். அதுக்கு மட்டும் தனி ஃபைல் போட்டுடு." பஜ்ஜியை மென்றுகொண்டே தலையாட்டினேன். நமக்குள் எல்லா மாற்றமும் டீக்கடையில்தானே நடக்கும். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், "ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று நானே உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். உள்ளே போனதும் வேறு வேலை வந்தது. மறந்துவிட்டேன்.

ஆபீஸ் ஏசியில் ஒன்றும் தெரியவில்லை. ஆறு டிகிரி கூடக் காட்டினால் யார் கவனிக்கப் போகிறார்கள்? தீபாவளிக் கூட்டம் தொடங்கிய முதல் நாள், துணிக்கடையின் அடித்தளத்தில் புழுக்கத்தில் அந்தப் பெட்டி மட்டும் மூன்று தடவை அணைந்தது. பில் போட நின்ற ஜனம் கத்த ஆரம்பித்துவிட்டது. நம் மானேஜர் உன்னைத்தான் பிடித்தார். "மூணு நல்லா ஓடுது. இது மட்டும் ஏன் சுடுது? பேஸ்ட் ஒழுங்கா வெச்சீங்களா இல்லையா?"

கடையிலிருந்தே எனக்குப் போன் செய்தாய். முதல் கேள்வியே அதுதான். "மச்சி, அந்த ரெசிஸ்டர் சொன்னேனே, ஃபைல்ல மாத்திட்ட இல்ல?"

"மாத்திட்டேன்டா," என்றேன். ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. சத்தியமாக மாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

"அப்ப என் வேலைதான் போலகீது. ஆனா ஒண்ணு மச்சி, சிங்க் மேல கைய வெச்சா அவ்ளோ சூடு இல்லியே. மத்த மூணு மாதிரிதான் கீது. நம்பர் மட்டும் ஏறிகினே போது."

"உன் கை இன்னா தெர்மாமீட்டரா?" என்றேன். நீ சிரித்தாய். பாவி, நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் அந்த பில் கவுன்டர் அடியில் முட்டி போட்டுக் கிடந்தாய். வோல்டேஜைப் பார்த்தாய், ஒன்று புள்ளி இரண்டு, அசையவே இல்லை. பேஸ்டைத் துடைத்துத் துடைத்து மறுபடி தடவினாய். ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினாய். மூன்றாம் நாள் காலை வேறு எதற்கோ ஃபைலைத் திறந்தேன். நான்காவது பெட்டிக்கும் பத்து என்றே இருந்தது.

அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். மறதி என்றால் நீ நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பாய். ஆனால் 'மாத்திட்டேன்' என்று சொன்னதை என்ன செய்வது? ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்தேன். நீ நாலாவது தடவையாகப் பேஸ்ட் தடவி மாட்டி முடித்திருந்தாய். "எதுக்கும் சாஃப்ட்வேர ஒரு தடவ ரீலோடு பண்றேன்," என்று சொல்லி, பத்தைப் பன்னிரண்டாக்கினேன். ஒரு நிமிஷ வேலை. பெட்டி காட்டும் சூடு ஆறு டிகிரி இறங்கியது.

மானேஜர் உன் தோளைத் தட்டினார். "கடைசியா ஒழுங்கா வெச்சீங்களே." நீ வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். "மூணு தபா தப்பா வெச்சிகீறேன் பாரு மச்சி," என்றாய். நான் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்குள் கொள்முதல் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாய். "கண்ணு முன்ன மாதிரி இல்ல. கைய நம்ப முடில," என்றாய். நம் ஆபீசில் உன்னைப் போல சால்டர் வைக்க ஒருத்தனும் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், "நல்லதுதான்டா, ஏசி ரூம், ஜாலியா உக்காரு," என்று பேசினேன். ஏழு வருஷம் அந்த அறையில் உட்கார்ந்து கொட்டேஷன் பார்த்தாய். தினமும் ஒன்றாக டீ குடித்தோம். தினமும் ஒரு வாய்ப்பு இருந்தது. போன கார்த்திகையில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

அந்தப் பேஸ்டைப் பார்த்த பிறகு இன்று உட்கார முடியவில்லை. மத்தியானமே லீவு போட்டுவிட்டு ரயில் ஏறித் திருவான்மியூரில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவிதான் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்வதற்குள் சொல்லத் தொடங்கிவிட்டேன். ரெசிஸ்டர், ஃபைல், போனில் நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பொறுமையாகக் கேட்டார்.

"அதுக்கப்புறம் வீட்ல ஒரு ஸ்விட்ச் போனாகூட அவரு தொட மாட்டாருண்ணா," என்றார். "ஆள கூப்டு, என் கை சரியில்லன்னுவாரு. நான் வயசாயிடுச்சு போலன்னு விட்டுட்டேன்."

"தப்பு என்னோடதும்மா. அவன் கை நல்லாத்தான் இருந்தது."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"உங்களப் பத்தி எப்பவும் ஒண்ணு சொல்வாருண்ணா," என்றார். "எனக்கு எதுனா ஆச்சுன்னா அவன கேளு, அவன் பாக்காம எதையும் பாத்துட்டேன்னு சொல்ல மாட்டான்னுவாரு."

எழுந்து வந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக இனிமேல் எதையும் இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்பேன். நீ சொன்ன மாதிரி ஆளாகவே ஆனாலும், பார்க்க நீ இல்லையேடா.