ஜூலியாவை எந்தக் கிளப்பில் விடுவது?

ரொம்மன், ஒஸ்லோ
14.01.2007

அன்பின் தம்பி பேனாட்டுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே குளிர் மைனஸ் பதினாறு, மற்றப்படி சுகம். நியூஜேர்சியில் நீயும் மச்சாளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நீ போனில் சொன்னது ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. லீக் என்றாய், டிவிஷன் என்றாய், கோச் பார்க்க வருவார் என்றாய். எல்லாத்துக்கும் "ஓம், ஓம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு இவரைக் கேட்டால், இவருக்கும் விளங்கவில்லை. ஆனபடியால் கடிதத்தில் எழுது. நாலு தரம் வாசித்தாலாவது மண்டையில் ஏறும்.

முதலில் இதைச் சொல்லு. பல்கலைக்கழகம் போவதற்கு ஏன் உதைபந்து அடிக்க வேண்டும்? இங்கே புள்ளி இருந்தால் எடுப்பார்கள், படிக்கக் காசும் கேட்பதில்லை. ஜூலியா கணிதத்தில் ஆறு எடுத்திருக்கிறாள், அதற்கு மேல் இங்கே புள்ளி கிடையாது. அவள் கோல் அடிப்பதைப் பார்த்து யாராவது அவளை டொக்டராக்குவார்களா?

லில்லெஸ்ட்ரோம் பக்கத்துக் கிளப் ஒன்று அவளைக் கேட்டிருப்பது உண்மைதான். பெரிய லீக்காம், கிழமைக்கு ஐந்து நாள் பயிற்சியாம். பங்குனி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இவர் விடியப் பஸ் ஓட்டப் போகிற மனிசன், யார் ஏற்றி இறக்குவது? அவளைக் கேட்டால் "தெரியாதம்மா" என்கிறாள். பதினாறு வயதுப் பிள்ளையின் "தெரியாது" என்பதற்கு என்ன கருத்தென்று எனக்கும் தெரியவில்லை.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லு.

உன் அக்கா,
வசந்தமலர்


நியூஜேர்சி
02.02.2007

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். நீங்கள் நோர்வேயை உலகம் என்று நினைக்கிறீர்கள்.

இங்கே கல்லூரிகள் விளையாட்டுக்காரரைத் தேடிப் பிடிக்கும். நல்ல அணி வேண்டும் என்பதற்காகப் படிப்புச் செலவையே பொறுக்கும். அதிலும் நோர்வேயிலிருந்து வரும் பெண்பிள்ளை என்றால் கோச்மார் இன்னொரு தரம் பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது மேல் லீக்கை மட்டும்தான். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கிளப்பில் ஐம்பது கோல் அடித்தாலும் ஒருவருக்கும் தெரியவராது. யோசிக்காமல் லில்லெஸ்ட்ரோமில் விடுங்கள்.

இப்போதைய கோச்சிடம் ஜூலியாவைப் பற்றி ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள். என்னோடு வேலை செய்பவரின் தமையன் ஒரு கல்லூரியில் கோச்சாக இருக்கிறார். அந்தக் கல்லூரி என் வீட்டிலிருந்து இருபது நிமிடம். அவள் இங்கேயே தங்கலாம், மேல்வீடு சும்மாதான் கிடக்கிறது.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி,
பேனாட்


ரொம்மன்
25.02.2007

அன்பின் தம்பிக்கு,

கோச்சின் கடிதம் இத்துடன் வருகிறது. துரூடெ என்ற பெண். ஜூலியாவை ஏழு வயதிலிருந்து பழக்குகிறவள். உனக்கு நொர்ஸ்க் மொழி தெரியாதென்று ஜூலியாவே கீழே தமிழில் எழுதியிருக்கிறாள்: "ஜூலியா நல்ல தோழி. பயிற்சிக்கு நேரத்துக்கு வருவாள். முடிந்ததும் வலைகளைச் சுருட்ட உதவி செய்வாள். தோற்றாலும் முகத்தைத் தூக்க மாட்டாள்."

எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். போன வருடம் இருபத்து மூன்று கோல் அடித்தவள். அதையும் எழுதச் சொல்லிக் கேட்டேன். துரூடெ என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "நாங்கள் அப்பிடி எழுதுறேல்லை. பந்தை அவளுக்குக் குடுத்தது மற்றப் பிள்ளையள்" என்றாள். நான் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இவர் சொல்கிறார், இந்த நாட்டில் இதற்கு மேல் ஒரு ஆளைப் புகழ மாட்டார்களாம்.

இன்னொன்று, போன கடிதத்தில் மச்சாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்னோடு கோபமோ?

அக்கா,
வசந்தமலர்


நியூஜேர்சி
12.03.2007

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தக் கடிதத்தைக் காட்டி வெட்கப்பட்டதுதான் மிச்சம். "இந்தப் பிள்ளை விளையாடுகிறதா, மைதானம் துப்புரவாக்குகிறதா?" என்று கேட்கிறார் கோச்.

ஆனாலும் வழி இருக்கிறது. லில்லெஸ்ட்ரோமில் இப்போதே எழுதிப் பதியுங்கள், அது ஒரு பெயருக்கு. ஆவணி மாதம் அவளை இங்கே அனுப்பிவிடுங்கள். கடைசி இரண்டு வருடப் பள்ளிக்கூடத்தையும் இங்கே படிக்கட்டும். எங்கள் ஊர் கிளப் விளையாடும் லீக்கில் ஒவ்வொரு சனிக்கிழமையும் கல்லூரிக் கோச்மார் கதிரை போட்டு இருப்பார்கள்.

மேல்வீட்டு அறைக்கு மஞ்சள் நிறம் அடித்துவிட்டேன். கட்டில், மேசை வந்துவிட்டன. சாப்பாட்டுக்கு யோசிக்க வேண்டாம், இப்போது நான் நன்றாகச் சமைப்பேன். காலையில் நானே கொண்டுபோய் விடுவேன். பிள்ளை வந்தால் இந்த வீட்டிலும் ஒரு சத்தம் இருக்கும் அக்கா.

நாள் போகிறது, சுணங்க வேண்டாம்.

பேனாட்


ரொம்மன்
29.03.2007

என் தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை லில்லெஸ்ட்ரோம் போனோம். பத்திரத்தை வீட்டிலேயே நிரப்பி, அத்தானின் கையெழுத்தையும் வாங்கித்தான் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, பேனையை ஜூலியாவிடம் நீட்டினாள். பதினைந்து வயது கடந்தால் கிளப்பில் சேருவது பிள்ளையின் முடிவாம். பெற்றவர்கள் போடும் கையெழுத்துச் செல்லாதாம், சட்டமாம். பதினெட்டு வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

ஜூலியா முழுவதையும் வாசித்தாள். பேனையை மூடி வைத்துவிட்டு, "வீட்டை போவம் அம்மா" என்றாள்.

ரயிலில் எனக்கு வந்த கோபத்துக்கு நல்லாய் ஏசினேன். ஏசி முடிந்ததும் கேட்டாள், "மாமா ஏன் என்னைக் கூப்பிடுறார்? நான் விளையாடினதை அவர் ஒருநாளும் பார்க்கேல்லையே."

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து மறுபடி வாசித்தேன். இரண்டிலும் மச்சாளின் பேச்சே இல்லை. பிறகு ரொறன்ரோவுக்கு, மச்சாளின் தமக்கை வீட்டுக்குப் போன் எடுத்தேன். மச்சாளே எடுத்தாள். போன ஈஸ்டருக்கு முதலே அங்கே போய்விட்டாளாம். நான் போன் எடுக்கும்போதெல்லாம் "குளிக்கிறாள்", "கடைக்குப் போட்டாள்" என்றாயே பேனாட். ஒரு வருடம். உன் கூடப்பிறந்தவளிடம் இதைச் சொல்லக் கூடாதா?

முதலில் ஆத்திரம் வந்தது. லீக்கையும் கோச்சையும் சாட்டி என்னிடம் என் பிள்ளையைக் கேட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். பிறகு நீ தனியாக நின்று அந்த அறைக்கு மஞ்சள் அடித்ததை நினைத்து, அடுப்படியில் இருந்து அழுதேன்.

ஜூலியாவை அனுப்ப மாட்டேன். அவள் கையெழுத்துப் போடாதது சரியா, பிழையா, அதுவும் தெரியவில்லை. பெரியவளானபின் என்னைத்தான் குற்றம் சொல்வாளோ, யாருக்குத் தெரியும். என் தலை இன்னும் குழம்பித்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் தெளிவு, நீ அங்கே தனியே இருக்கக் கூடாது. லீவைப் போட்டுவிட்டு வா. சித்திரை இருபத்தோராம் திகதி சனிக்கிழமை, இங்கே எங்கள் மைதானத்தில் ஜூலியாவின் அணிக்கு முதல் ஆட்டம்.

உனக்குச் சொல்லும்படி ஜூலியா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "துரூடெ எல்லாரையும் சமனாத்தான் விளையாட விடுவா. முதல் பாதி நான் விளையாடுவன், மாமா பார்க்கட்டும். ரெண்டாம் பாதி எனக்கு விளையாட்டில்லை. அப்ப வந்து மாமாவுக்குப் பக்கத்திலை இருக்கிறன்."

அக்கா