கப்பல் விருந்துக்கு வெல்வெட் சூட்

பகீசியோ,

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். நாம் போகப்போகும் உல்லாசக் கப்பலின் விருந்து இரவுகளுக்காக உனக்கு வாடகைக்கு எடுத்த கறுப்பு சூட்டைத் திருப்பிக் கொடுக்க நுவோரோ டவுனுக்குப் போகிறேன்.

"ஆடு மேய்க்கிறவன் மாதிரியே வரப்போறியா?" என்று நேற்று கத்தினேன். "ஆடு மேய்க்கிறவன்தானேடி நான்! பேங்க் மேனேஜர் வேஷம் எதுக்கு?" என்றாய். காலையில் உன் வெல்வெட் சூட்டை எடுத்துப் பார்த்தேன். திருவிழாவில் நீ குதிரையேறி வரும்போது போடுவது. அதைவிட நல்ல உடுப்பு அந்தக் கப்பலில் எவனிடமும் இருக்காது. தேய்த்து மாட்டியிருக்கிறேன்.

கிராசியெத்தா

வெல்வெட் சூட்டின் பையிலிருக்கும் கத்தியை எடுத்து வைத்துவிடு, கப்பலில் பிடுங்கிக்கொள்வார்கள். பாலாடைக்கட்டியை அவர்களே வெட்டித் தருவார்கள்.

இன்னொன்று. விருந்தில் என்னை விட்டு நகராதே. "யாரு அது?" என்று யாராவது கேட்டால், "எம் புருஷன்" என்று நான்தான் சொல்ல வேண்டும்.