கேடயத்தின் மேல் என் கணவர்

மிலான் அரண்மனையில் எழுத்தராக இருக்கும் அண்ணன் கெல்சினுசுக்கு, கொலோனிலிருந்து தங்கை லூபுலா வணங்கி எழுதுவது.

நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நேற்று காலை நடந்ததைக் கேளுங்கள்.

படையை ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் அனுப்பும்படி பேரரசரின் உத்தரவு வந்திருந்தது. பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுப் போகமாட்டோம் என்று வீரர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மாப்பிள்ளை வாலகர், குதிரைப்படை அதிகாரி என்ற கௌரவம் பாராமல், லாயத்தில் ஒரு குதிரையின் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உத்தரவை மாற்ற வேறு பேரரசர் வேண்டும் என்று நாற்பது பேர் உள்ளே புகுந்து, அவரைக் கேடயத்தில் ஏற்றித் தோளுக்கு மேல் தூக்கி, "வாலகர்தான் எங்க பேரரசர்" என்று கத்தினார்கள். இவர் கையில் குளம்பு சுரண்டும் சின்னக் கத்தி அப்படியே இருந்தது.

ரைன் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் இவர் இனத்தாரான பிராங்கியர்கள், தலைவனைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் தூக்குவார்களாம். ஆனால் தூக்கியவர்கள் யார் தெரியுமா, அண்ணா? நம் தெருக் கறிக்கடைக்காரர் மகன் பிரிமுலுசும் அவன் கூட்டாளிகளும். அத்தனை பேரும் நம் ரோமானியப் பிள்ளைகள். "இறக்குங்கடா, நான் பேரரசருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தவன்" என்று இவர் கெஞ்சினார். "உங்க ஊரு வழக்கந்தானே ஐயா, கூச்சப்படாதீங்க" என்றான் பிரிமுலுஸ். "எந்த ஊருடா? நான் பொறந்ததே இந்தப் பாளையத்துலதான். இந்தக் கூத்தை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"காட்டு ஆளுக்கா வாக்கப்படப் போற" என்று கல்யாணத்தின்போது கேலி செய்தீர்களே. இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளாவது காவலுக்குப் பிந்திப் போயிருப்பாரா? இப்போது அங்கே அரண்மனையில், பிராங்கியன் தன் புத்தியைக் காட்டிவிட்டான் என்பார்கள். அரியணைக்கு ஆசைப்பட்டவனுக்கு ஒரே தண்டனைதான் என்று உங்களுக்கே தெரியும்.

வாசலில் பிரிமுலுசின் ஆட்கள் காவல் நிற்கிறார்கள். எங்களை வெளியே விடவில்லை. கம்பளி வியாபாரியின் மூட்டைக்குள் இந்தக் கடிதத்தையும் இவருடைய படைப் பதவியின் அடையாளமான இடைவாரையும் ஒளித்து அனுப்புகிறேன். தன் கையாலேயே கழற்றிக் கொடுத்தார். அங்குள்ள தளபதிகள் இவர்மேல் பழி சொல்வதற்கு முன்னால் அதைப் பேரரசரின் காலடியில் வைத்து, தூக்கியது இவர் குற்றமில்லை என்று சொல்லுங்கள்.

பலிக்காவிட்டால் வாரை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதைக் கட்டித்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்கிறார். ரோமானியர்கள் அப்படிப் புதைப்பதில்லையே என்று கேட்டேன். "எங்கப்பாவை அப்படித்தான் புதைச்சோம்" என்றார்.

அது திரும்பி வரவே கூடாது, அண்ணா.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கும்,
லூபுலா