துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தார்

செவ்வாய்க்கிழமை இரவு, கோச்சடை.

என் கணவருக்குச் சர்க்கரையால் வலது கண் போய்விட்டது. இடது கண்ணும் மங்கிக்கொண்டே வருகிறது. நாளை அதில் ஊசி போடுகிறார்கள். மிச்சப் பார்வை தங்கலாம், தங்காமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, அவர் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரைத் தடவியபடி ஹாலில் நடந்துகொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

"ஏங்க, நாளைக்கு ஊசிய வச்சுக்கிட்டு இன்னைக்கே ஏன் இப்படிப் பண்றீங்க? நம்பிக்கை இல்லையா?" என்று கத்தினேன்.

"நம்பிக்கை இருக்கப்போய்த்தான் ஊசிக்கு வாரேன், ஸ்டெல்லா. ஒருவேளை ஊசி கேக்கலைன்னா? இம்புட்டு வருசம் இருந்த வீட்டுல தடுக்கி விழச் சொல்றியா?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் அதற்குள் போய்விட்டது. நாற்காலியை ஓரமாக நகர்த்தினேன். அவருக்குச் சத்தம் கேட்டுவிட்டது.

"இருந்த எடத்துலயே வையி. நீ இல்லாதப்ப யாரு நகத்துவா?"

திரும்ப வைத்தேன். அவர் வாசற்கதவிலிருந்து மறுபடி கிளம்பினார். நாற்காலியில் கை பட்டதும் நின்று, சுற்றிக்கொண்டு அடுப்படிவரை போய்விட்டார். "பாத்தியா?" என்று சிரித்தார். நான் "ம்" என்றேன்.

சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல நான்தான் ஜெபம் சொன்னேன். 'பார்வையைத் திருப்பித் தாரும், ஆண்டவரே' என்கிற இடம் வந்ததும் எனக்கு வாய் வரவில்லை. அந்த வரியை அவரே சொன்னார். நான் ஆமென் மட்டும் சொன்னேன்.