உன் டப்பாவின் பச்சை விளக்கு

என் தம்பி முரளிக்கு,

உச்சந்தலையில் ஒரு குட்டு, அதன் மேல் ஒரு முத்தம். முன்பெல்லாம் முத்தத்தைத் துடைத்துவிட்டு ஓடுவாய். இப்போது எங்கே ஓடுவாய்?

நம் ஸ்ரீராம்புரம் வீட்டில் நெட் கெட்டுப்போன கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சிரிக்காதே. நீ போன பிறகு அம்மாவும் நானும் மறுபடி கலங்கியது அதற்காகத்தான்.

பீன்யா ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குளிக்கக்கூட மாட்டாய், டிவிக்குக் கீழே இருக்கும் கேம் மெஷினைத்தான் முதலில் ஆன் செய்வாய். உன் சிநேகிதர்கள் சலீமும் மஞ்சுவும் அவரவர் வீட்டிலிருந்தே நெட்டில் வந்து சேர்வார்கள். பகலெல்லாம் ஒரே ஃபேக்டரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு, சாயங்காலம் ஃபுட்பால் ஆடிக்கொண்டே பேச இன்னும் என்னதான் மிச்சமிருந்ததோ. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அம்மா கூப்பிட்டதுகூடத் தெரியாமல் நீ உட்கார்ந்திருக்க, அவள் ஒருநாள் தட்டோடு வந்து கத்தினாள். அதற்குப் பயந்துதான் அவர்கள் பேசுவது டிவியிலேயே கேட்கும்படி வைத்தாய். அன்றிலிருந்து அந்த இருவரும் அம்மாவுக்கும் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். "அம்மா, இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று டிவிக்குள்ளிருந்து கேட்பார்கள்.

டெங்கு உன்னைக் கொண்டுபோன வாரம், ஆஸ்பத்திரி வராந்தாவில் ரத்தம் கொடுக்க முதலில் வந்து நின்றவர்களும் அவர்கள்தான். உனக்கு அது தெரியுமா? கண் திறந்து பார்த்தாயா?

காரியம் முடிந்த மறுநாள் சலீம் எனக்கு போன் செய்தான். "அக்கா, சாயந்தரம் அந்த மெஷின ஆன் பண்ணி வெக்கச் சொல்லுங்க அம்மாவ. நாங்க பேசறோம்" என்றான். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று அம்மாவுக்குக் காட்டிவிட்டு நான் ஆனேக்கலில் என் வீட்டுக்குத் திரும்பினேன். உன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவாள், பிறகு மெஷினை ஆன் செய்வாள். அவர்கள் ஆடுவார்கள். ஆட்டம் ஒன்றும் புரியாமலே இவள் திட்டுவாள். "டேய் மஞ்சு, பந்த அவன் தள்ளிட்டுப் போறான், நீ என்னத்தப் பாத்துனு இருக்கே" என்பாள். முரளி, அப்படித்தான் அம்மா பிழைத்தாள். அவள் ஒருவேளையாவது சாப்பிட்டது அந்தக் குரல்களோடுதான்.

நெட் கனெக்ஷன் உன் பெயரில் இருந்தது அல்லவா, அது நின்றுபோயிற்று. வேறொரு கம்பெனியிலிருந்து ஆள் வந்து புது வைஃபை டப்பா மாட்டினார். நீ ஷெல்ஃபில் வைத்திருந்த பழைய டப்பாவைக் கழற்றக் கை வைத்தார். அம்மா குறுக்கே போய் நின்றாள்.

"அதுல கை வெக்காதீங்க. என் பையன் வெச்சது."

"இனிமே அது வேஸ்ட்மா. வேலை செய்யாது."

"வெளக்கு எரியுது இல்ல? எரியறத யாராவது அணைப்பாங்களா? வருஷம் திரும்பற வரைக்கும் இந்த வீட்ல அவன் வெளக்கு அணையக்கூடாது."

அவள் சொன்னது அந்த டப்பாவின் பச்சை விளக்கை. உன் படத்துக்குப் பக்கத்திலேயே அது இரவும் பகலும் எரிகிறதா, அகல் விளக்கும் அதுவும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. அந்த ஆள் உன் படத்தைப் பார்த்தார். விடுங்கம்மா என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, ஒரு குட்டி வயரால் உன் டப்பாவைப் புது டப்பாவோடு இணைத்துவிட்டுப் போனார். விளக்கும் எரிந்தது, நீ வைத்த வைஃபை பெயரும் அப்படியே இருந்தது. பாஸ்வேர்டு கேட்டுக் கதவைத் தட்டிய தெருவுக்கே பதிலாக ஒரு பெயர் வைத்தாயே, 'கேக்காத, குடுக்க மாட்டேன்' என்று இங்கிலீஷ் எழுத்தில். போனைத் திறந்தால் தெரு முழுக்க இன்னும் அதைத்தான் பார்க்கிறது. அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்துகளின் வரிசை தெரியும்.

அன்று சாயங்காலம் மெஷினில் எல்லாம் வந்தது, சலீம் குரலும் மஞ்சு குரலும் மட்டும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்மா எனக்கு போன் செய்து, "செல்வி, நான் ரொம்பத் திட்டிட்டேனா? என் மேல கோவமா அந்தப் பசங்களுக்கு?" என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, யார் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் ஆஃப் செய்து ஆன் செய்தேன். வேறு ஹெட்செட் மாட்டினேன். வயர் பழுதோ என்று புது வயர் போட்டேன். வேகம் பார்த்தால் ஜோராக இருக்கிறது, டிவியில் படம் தடங்கலே இல்லாமல் ஓடுகிறது. அப்புறம் எங்கேதான் கோளாறு? நீ இருந்திருந்தால் அதற்குள் என்னை நான்கு முறை மக்கு என்று சொல்லியிருப்பாய். கடைசியில் மெஷினிலேயே இருக்கும் நெட் பரிசோதனையை ஓடவிட்டேன். நெட் இருக்கிறது, ஆனால் மற்றவர்களோடு பேசுவதில் சிக்கல் வரலாம் என்று காட்டியது. அதைப் படம் பிடித்து சலீமுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"அக்கா, வீட்ல ரெண்டு டப்பா இருக்கா?"

"இருக்கு."

"அதான். அபார்ட்மென்ட்ல கேட்ல ஒரு வாட்ச்மேன், மாடியில ஒரு வாட்ச்மேன் நிக்கற மாதிரி. கேட்ல இருக்கறவன் எங்கள உள்ள வுட்டாலும் மாடியில இருக்கறவன் தொரத்தறான். ஒருத்தன்தான் வேணும்." பிறகு, "பழசு முரளி வெச்சதாக்கா?" என்றான். ஆமாம் என்றேன்.

டப்பாவை எடுக்க வேண்டாம், அது காவல் காக்காமல், வருவதை வெறுமனே உள்ளே விடும்படி மாற்றினால் போதும் என்றான். அப்படி மாற்ற அதன் செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். உள்ளே போக நீ போட்டு வைத்த இன்னொரு ரகசிய பாஸ்வேர்டு வேண்டும். அம்மா பெயரைப் போட்டேன், உன் பைக் நம்பரைப் போட்டேன், எனக்கு மட்டும் தெரிந்த அந்தப் பெண்ணின் பெயரையும் போட்டேன். முறைக்காதே. எதற்கும் திறக்கவில்லை. பின்பக்கத்து ஓட்டையில் ஊசியால் அழுத்தினால் திறக்கும், ஆனால் நீ உன் கையால் எழுதி வைத்த எல்லாம் அழிந்துபோகும்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அவள் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அழிச்சா பசங்க கொரல் கேக்குமா?"

"கேக்கும்மா."

"பேரு எங்க போயிடப் போவுது. அது என் வாயில இருக்கு. கொரல் இல்லாமத்தான் என்னால முடியல."

வளையலில் மாட்டியிருந்த சேஃப்டி பின்னைக் கழற்றினாள். என்னிடம் தரவில்லை, அவளே அழுத்தினாள். விளக்கு அணைந்தது. என் போனில் உன் வைஃபை பெயர் மறைந்தது. உன்னை மறுபடி ஒருமுறை தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது எனக்கு. அம்மா அழவில்லை. டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றாள்.

விளக்கு திரும்ப எரிந்தது. சலீம் சொல்லச் சொல்ல மாற்றினேன். பிறகு 'கேக்காத, குடுக்க மாட்டேன்' என்று நானே தட்டினேன், நீ எழுதிய அதே இங்கிலீஷ் எழுத்துகளில். பழைய வைஃபை பாஸ்வேர்டையே போட்டேன். அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன். தெருவில் இதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வைஃபையில் யார் யார் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று அந்த செட்டிங்ஸ் பக்கத்திலேயே தெரிந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். என் போன், அவள் போன், கேம் மெஷின். அடுத்த பெயரில் எனக்கு வாய் நின்றுவிட்டது.

"இன்னொண்ணு யாரு?" என்றாள்.

"முரளிமா."

பீரோவில் உன் சட்டைகளின் மேல் இருக்கும் போன். பெயரும் பாஸ்வேர்டும் பழையபடி இருந்ததால் அது தானாக வந்து சேர்ந்துகொண்டது. அம்மா தினமும் அதற்கு சார்ஜ் போடுகிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"வந்துட்டானா" என்றாள்.

அப்போது டிவியிலிருந்து சலீம், "அம்மா, கேக்குதா?" என்றான். மஞ்சுவும், "அம்மா, நானும் இருக்கேன்" என்றான். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிவியின் பக்கம் திரும்பினாள்.

"கேக்குதுப்பா. எல்லாரும் வந்துட்டீங்க. சாப்ட்டீங்களா?"

முரளி, வருஷம் திரும்பினாலும் அந்த விளக்கை அணைக்க விடமாட்டேன். ஒருநாள் அந்த டப்பாவே செத்துப்போகும், எனக்குத் தெரியும். அப்போது புதிதாக எது வந்தாலும் அதற்கும் இதே பெயர், இதே பாஸ்வேர்டு. குடுக்க மாட்டேன் என்பது தெருவுக்குத்தான். நீ எப்போதும்போல் கேட்காமலே உள்ளே வா.

குட்டும் உரிமையை இன்னும் விட்டுத்தராத
உன் அக்கா,
செல்வி